நூறு மில்லி தண்ணீர்

குடிநீருக்கான இந்தியத் தர விதி, ஐ.எஸ். 10500, நுண்ணுயிர்களைப் பற்றிச் சொல்வது மிகக் கொஞ்சம். குடிக்கக் கொடுக்கும் நீரில் எந்த 100 மில்லியை எடுத்துப் பார்த்தாலும் ஈ.கோலை பாக்டீரியா தட்டுப்படக் கூடாது என்கிறது. இந்த ஒரு வரியைக் காப்பாற்றத்தான் குடிநீர் வாரியங்கள் ஆய்வகம் நடத்துகின்றன. அதற்குப் பொறுப்பாக ஒரு மூத்த உயிரியலாளரை அமர்த்துகின்றன. சென்னைக்கு நீர் தரும் செம்பரம்பாக்கம் சுத்திகரிப்பு நிலையத்தின் திறன் நாளொன்றுக்கு 53 கோடி லிட்டர். அதில் 100 மில்லி என்பது 530 கோடியில் ஒரு பங்கு. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று சொல்லலாம்தான். பானைக்குள் சூடு எல்லாப் பருக்கைக்கும் ஒன்றுபோல் பரவுவதால் அந்தக் கணக்கு பலிக்கிறது. கிருமிகள் தண்ணீரில் அப்படிப் பரவுவதில்லை. வண்டலோடு ஒட்டிக்கொண்டு, கொத்துக் கொத்தாக, மழை பெய்த மறுநாள் வந்து அதற்கடுத்த நாள் காணாமல் போகும். எத்தனை பாட்டிலில் ‘இல்லை’ என்று வந்தாலும் பாட்டிலுக்குள் வராத தண்ணீரைப் பற்றி அது சொல்வது குறைவுதான். ஆனாலும் அந்த ‘இல்லை’க்குக் கையெழுத்துப் போடுவதுதான் உயிரியலாளரின் வேலை என்று வாரியமும் அரசும் நாமும் சேர்ந்தே நினைத்துக்கொண்டிருக்கிறோம். அப்படி நினைப்பது ஆபத்து என்று நான் கருதுகிறேன். ஏரியில் தொடங்கித் தெருக்குழாய் வரை நீர் வரும் வழி முழுவதும் உயிர்கள் வாழும் இடம். அங்கே என்ன நடக்கிறது என்று படித்து, பாட்டிலில் தெரிவதற்கு முன்பே சொல்லத்தான் உயிரியலாளர் வேண்டும். கையெழுத்துக்கு மட்டும் அவர் தேவையில்லை.

சோதனை எப்படி நடக்கிறது என்று கிட்டே போய்ப் பார்த்தால் இது விளங்கும். மாதிரி எடுக்கும் பாட்டிலுக்குள் முன்கூட்டியே கொஞ்சம் சோடியம் தயோசல்பேட் போட்டிருப்பார்கள். தண்ணீரில் உள்ள குளோரினை அது அந்த நொடியே முறித்துவிடும். இல்லையென்றால் ஆய்வகம் போய்ச் சேரும்வரை குளோரின் பாட்டிலுக்குள் வேலை செய்துகொண்டே இருக்கும், குழாயில் இருந்த நிலைமை சோதனைக்கு வராது. ஐஸ் பெட்டியில் வந்த நீரை மெக்கான்கி கரைசல் உள்ள சோதனைக் குழாய்களில் ஊற்றுகிறார்கள். ஒவ்வொரு குழாய்க்குள்ளும் சுண்டுவிரலை விடச் சின்னதாக இன்னொரு கண்ணாடிக் குழாய் தலைகீழாக நிற்கும். 37 டிகிரி வெப்பத்தில் வைத்தால், கோலிஃபார்ம் பாக்டீரியாக்கள் இருக்கும்பட்சத்தில் லாக்டோஸைத் தின்று அமிலமும் வாயுவும் வெளிவிடும். ஊதா நிறம் மஞ்சளாக மாறும். உள்குழாயின் உச்சியில் ஒரு குமிழி வந்து நிற்கும். அந்தக் குமிழிக்காக 24 மணி நேரம், சில சமயம் 48 மணி நேரம் காத்திருக்க வேண்டும். பிறகு மலத்திலிருந்து வந்ததுதானா என்று உறுதி செய்ய 44.5 டிகிரியில் இன்னொரு சுற்று. புதிய முறைகள் இந்த நேரத்தைக் குறைத்திருக்கின்றன. ஆனாலும் விடை மறுநாள்தான் வருகிறது. அதற்குள் அந்தத் தண்ணீரில் உலை வைத்து, குழந்தைக்குப் பால் கலந்து, நாள் முடிந்திருக்கும். நேற்றைய நீரைப் பற்றிய தீர்ப்பு இது. சோதனையைக் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. நோய்க்கிருமி ஒவ்வொன்றையும் தேடிக்கொண்டிருக்க முடியாது. எனவே குடலில் வாழும் ஒரு பாக்டீரியாவை அடையாளமாக வைத்துக்கொண்டு, அது இருந்தால் மலம் கலந்திருக்கிறது, மலம் கலந்திருந்தால் காலராவும் டைஃபாய்டும் வரலாம் என்று ஊகிப்பது பொதுச் சுகாதாரம் கண்ட மிகச் சிறந்த யோசனைகளில் ஒன்று. ஆனால் அது ஊகம். ஊகத்தின் எல்லை எங்கே முடிகிறது என்று தெரிந்த ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும்.

அந்த எல்லையை உலகுக்குக் காட்டியது மில்வாக்கி. 1993 மார்ச் கடைசியில், மிச்சிகன் ஏரியிலிருந்து அந்த அமெரிக்க நகரத்துக்கு நீர் எடுக்கும் இரண்டு நிலையங்களில் தெற்கே இருந்ததில், சுத்திகரித்து வெளியேறும் நீரின் கலங்கல் கூடியது. சில நாள் 1.7 அலகு வரை போனது. கோலிஃபார்ம் சோதனையில் எதுவும் இல்லை. அன்றைய விதிகளின்படி தண்ணீர் தேறிவிட்டது. ஆனால் அதில் கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி இருந்தது. ஒரு மில்லிமீட்டரில் இருநூறை வரிசையாக வைக்கக்கூடிய அளவுள்ள அதன் உறைமுட்டையைக் குளோரின் ஒன்றும் செய்யாது. குடல் பாக்டீரியாக்கள் குளோரினில் செத்துப்போக, அவற்றைத் தேடிய சோதனை ‘இல்லை’ என்று உண்மையைத்தான் சொன்னது. ஒட்டுண்ணியோ குழாய்களில் போய்க்கொண்டிருந்தது. நோய் தெரியவந்தது ஆய்வகத்தில் அல்ல. வயிற்றுப்போக்கு மாத்திரைகள் மருந்துக்கடைகளில் தீர்ந்துபோனதிலும், வேலைக்கும் பள்ளிக்கும் வராதவர்களின் எண்ணிக்கையிலும்தான். சுமார் 4,03,000 பேர் நோயுற்றனர் என்று பின்னர் மதிப்பிட்டார்கள். எய்ட்ஸால் எதிர்ப்பாற்றல் குன்றியிருந்த பலர் இறந்தார்கள். கலங்கல் கூடியதுதான் அங்கே முதல் தகவல். வடிகட்டி மணலில் ஏதோ கோளாறு, கலங்கல் தப்பி வந்தால் வேறு எதுவும் தப்பி வரும் என்று உயிரியல் தெரிந்தவர் அந்த எண்ணைப் படித்திருப்பார். அனுமதித்த அளவுக்குள் இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பவருக்கு அது ஒரு எண், அவ்வளவுதான்.

வடிகட்டியை உயிரியலாளர் படிக்க வேண்டும் என்பது விசித்திரமாகத் தோன்றலாம். அது பொறியாளரின் இயந்திரம் ஆயிற்றே. ஆனால் 1892-இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரத்தில் காலரா பரவி எட்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டபோது, அடுத்த தெருவிலிருந்தே தொடங்கும் ஆல்டோனா நகரம் ஏறத்தாழத் தப்பித்தது. இரண்டும் எல்ப் ஆற்று நீரையே குடித்தன; ஆல்டோனா எடுத்தது ஹாம்பர்க்கின் சாக்கடை கலந்த பிறகான நீர்கூட. ஆனால் அது மணலில் மெதுவாக வடிகட்டிக் குடித்தது. அந்த மணல் வெறும் சல்லடை அல்ல. சில நாட்களில் மணலின் மேற்பரப்பில் பாசியும் பாக்டீரியாவும் ஒற்றைச்செல் உயிரிகளும் சேர்ந்து ஒரு வழுவழுப்பான படலம் கட்டும். வரும் கிருமிகளைப் பிடித்துத் தின்பது அந்தப் படலம்தான். 1872 முதல் திறந்த கால்வாயில் செங்குன்றம் நீரைக் குடித்துக்கொண்டிருந்த சென்னைக்கு 1914-இல் கீழ்ப்பாக்கத்தில் அமைத்த மெதுமணல் வடிகட்டிகளும் இதே தத்துவத்தில் இயங்கியவைதாம். படலத்தை அடிக்கடி சுரண்டினால் கிருமி தப்பும். சுரண்டாமல் விட்டால் நீர் இறங்காது. எப்போது சுரண்டுவது என்ற முடிவு வாழும் ஓர் உயிர்க்கூட்டத்தைப் பற்றிய முடிவு.

ஏரிக்குப் போனால் இந்த வாதம் இன்னும் வலுக்கிறது. எஸ்.வி. கணபதி 1940-இல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழக இதழில் ஒரு கோயில் குளத்தைப் பற்றி எழுதினார். மைக்ரோசிஸ்டிஸ் என்ற நீலப்பச்சைப்பாசி ஆண்டு முழுவதும் நீங்காமல் படர்ந்திருந்த குளம் அது. இந்த உயிர் நமக்குப் புதிதல்ல என்பதற்காகச் சொல்கிறேன். வெயிலும் தேங்கிய நீரும் சாக்கடை வழியே வரும் பாஸ்பரஸும் இருக்கும் இடமெல்லாம் அது வரும். நம்முடைய ஏரிகளில் இவை மூன்றுக்கும் குறைவில்லை. நுண்ணோக்கியில் பார்த்தால் பசை போன்ற ஒரு உறைக்குள் நூற்றுக்கணக்கான சின்னஞ்சிறு உருண்டைகள் ஒழுங்கில்லாமல் குவிந்திருக்கும். ஒவ்வொரு உருண்டைக்குள்ளும் கருத்துத் தெரிவது வாயு அறைகள். அந்த வாயுவால்தான் காற்று அடங்கிய நேரத்தில் பாசி மேலே மிதந்து வந்து பச்சைப் பெயின்ட் கொட்டியதுபோல் படர்கிறது. காற்று அடித்தால் கரையில் ஒதுங்கிவிடும். அன்று ஏரியின் நடுவே எடுத்த மாதிரியில் ஒன்றும் இருக்காது. எந்த நேரத்தில், எந்த ஆழத்தில், நீர் உறிஞ்சும் கோபுரத்தின் எந்த வாயிலருகே மாதிரி எடுப்பது என்பதை ஏரியைப் பல பருவங்கள் பார்த்தவர்தான் சொல்ல முடியும். ஒரு மில்லி கொள்ளும் கண்ணாடிக் கட்டத்தில் பாசியை எண்ணி எண்ணி எழுதிய ஏடு ஒன்று அவரிடம் இருந்தால், இந்த ஆண்டு பாசி பெருகும் வேகம் வழக்கத்துக்கு மாறாக இருப்பதை அவர் வாரக்கணக்கில் முன்னதாகவே கண்டுகொள்வார்.

கண்டுகொண்டபின் என்ன செய்யக் கூடாது என்பதையும் அவர்தான் சொல்ல வேண்டும். 1979-இல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில், பழங்குடி மக்கள் வாழும் பாம் தீவில், குடிநீர் அணையில் பாசி படர்ந்து நாற்றமடித்தது. வழக்கமான வைத்தியமாக மயில்துத்தத்தைக் கொட்டினார்கள். பாசி செத்தது. சில நாட்களில் 138 குழந்தைகளும் பெரியவர்கள் 10 பேரும் கல்லீரல் வீங்கி, வாந்தியும் வயிற்றுப்போக்குமாக விழுந்தார்கள். என்ன நோய் என்று நெடுநாள் தெரியவில்லை. அந்தப் பாசி உயிரோடிருக்கும்வரை அதன் நஞ்சில் பெரும் பங்கு செல்லுக்குள் அடங்கியிருக்கலாம். செல்லை உடைத்தவுடன் அத்தனையும் நீரில் கரையும் என்ற விளக்கம் பின்னால் வந்தது. மைக்ரோசிஸ்டிஸின் நஞ்சுக்கும் இதே குணம்தான். ஆகவே, வழக்கமாகச் சுத்திகரிப்பின் தொடக்கத்திலேயே ஏரி நீரில் குளோரின் கலப்பதுகூட அந்த நாட்களில் தீங்காகலாம். முழுச் செல்லாகவே படிகாரத்தில் திரட்டி, படியவைத்து அகற்றிவிட வேண்டும். 2014 ஆகஸ்ட் 2 அன்று, ஈரி ஏரி நீரைக் குடிக்கும் அமெரிக்காவின் டொலேடோ நகரத்தில் சுத்திகரித்த நீரிலேயே இந்த நஞ்சு தென்பட்டது. சுமார் 5 லட்சம் பேருக்கு மூன்று நாள் குழாய்த் தண்ணீர் தடை. தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள் என்ற, உலகெங்கும் எல்லா நகராட்சிகளும் மனப்பாடமாகச் சொல்லும் அறிவுரையை அங்கே சொல்லவில்லை. கொதிக்க வைக்காதீர்கள் என்றே சொன்னார்கள். கொதித்தால் அந்த நஞ்சு அழியாது. நீர் வற்ற வற்றச் செறிவு கூடும். காலராவுக்கு உயிர் காக்கும் ஒரு சொல் இங்கே நஞ்சைக் கூட்டும் சொல்லாகிறது. எது எப்போது என்று பிரித்துச் சொல்லும் அறிவை எந்தப் படிவத்திலும் அச்சடித்து வைத்துவிட முடியாது.

ஏரியும் வடிகட்டியும் ஒழுங்காக இருந்தாலும் நம் நகரங்களில் தண்ணீர் கெடுவது பெரும்பாலும் அதற்கப்பால்தான். இரண்டு மணி நேரம் தண்ணீர் விட்டு மீதி நேரம் அடைத்துவைத்தால் குழாய் காலியாகிறது. பக்கத்தில் சாக்கடைக் குழாய் போகிறது. விரிசல் விட்ட இணைப்பு வழியே மண்நீர் உள்ளே கசிகிறது. வீட்டு இணைப்பில் நேரடியாக மோட்டார் போட்டு இழுத்தால் கசிவது உறிஞ்சலாகவே ஆகிறது. கர்நாடகத்தின் ஹூப்ளி - தார்வாடில் 24 மணி நேரமும் தண்ணீர் வரும் பகுதிகளையும் விட்டுவிட்டு வரும் பகுதிகளையும் ஒப்பிட்டு ஆய்வு செய்தார்கள். இரண்டுக்கும் சுத்திகரித்த அதே நீர்தான். எப்போதும் அழுத்தமிருந்த பகுதிக் குழாய்களில் ஈ.கோலை தென்பட்ட மாதிரிகள் நூற்றில் ஒன்றுக்கும் குறைவு; விட்டுவிட்டு வந்த பகுதிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒன்று. தண்ணீர் விட்டவுடன் வரும் முதல் நீரிலும், அழுத்தம் குறைந்த நேரத்திலும் கிருமி அதிகம். நம் பெண்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. முதல் குடத்தைப் பிடிக்காமல் விட்டுவிடுவது எத்தனையோ தெருக்களில் வழக்கம். மாதிரி எடுக்கும் முறையோ குழாயைத் திறந்து ஒன்றிரண்டு நிமிடம் ஓடவிட்டு, குழாய் வாயைத் தீயில் காட்டிய பிறகே பாட்டிலைப் பிடிக்கச் சொல்கிறது. பிரதானக் குழாயின் நீரை அறிய அது சரியான முறை. தெருவில் குடிப்பதை அறிய அது போதாது. விதிப்படி எடுத்த நல்ல மாதிரியும் வீட்டில் குடித்த கெட்ட நீரும் ஒரே குழாயில் ஒரே காலையில் இருக்க முடியும். இதைத் தெரிந்துகொண்டு, முதல் நீரையும் தனியாக எடுத்துவரச் சொல்வதற்கு விதியைத் தாண்டி யோசிக்கும் சுதந்திரம் உயிரியலாளருக்கு வேண்டும்.

இதற்கு வரும் முதல் மறுப்பை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. மனிதர் எதற்கு, கருவிகள் வைத்தால் போதுமே என்பது அது. எஞ்சிய குளோரின், கலங்கல், அழுத்தம் எல்லாவற்றையும் நொடிக்கு நொடி அளந்து அனுப்பும் கருவிகள் வந்துவிட்டன. இந்த மறுப்புக்கு மிக வலுவான சான்று கனடாவின் வாக்கர்டன். 2000 மே மாதம் கனமழைக்குப் பின் அந்தச் சிற்றூரின் ஒரு கிணற்றில் மாட்டுச் சாணம் கலந்து, ஈ.கோலை ஓ157 என்ற கொடிய வகை குழாய்களில் போனது. 7 பேர் இறந்தார்கள், 2,300 பேர் நோயுற்றார்கள். குளோரினையும் கலங்கலையும் தொடர்ந்து அளக்கும் கருவி அந்தக் கிணற்றில் இருந்திருந்தால் இது நடந்திராது என்று விசாரணை ஆணையமே சொன்னது. உண்மை; எல்லா நீரேற்று நிலையங்களிலும் கருவி வைக்கத்தான் வேண்டும். ஆனால் அதே விசாரணை சொன்ன மற்றதையும் படிக்க வேண்டும். அங்கே குளோரினை அளக்காமலேயே அளந்ததாகப் பதிவேட்டில் எண் எழுதிக்கொண்டிருந்தார்கள். அந்த எண் எதற்கு, அது குறைந்தால் என்ன அர்த்தம் என்று பணியாளர்களுக்கு யாரும் கற்றுத்தரவில்லை. கிணற்றுத் தண்ணீர் அப்படியே குடிக்க நல்லது என்று நம்பினார்கள். கருவி அந்த எண்ணைப் பொய்யில்லாமல் தரும். குளோரின் திடீரென்று இறங்கினால் நீரில் ஏதோ அதைத் தின்கிறது, அது அழுகலா, பாசியா, சாக்கடையா, மேலே மழை எங்கே பெய்தது என்று கருவி கேட்காது. கருவி வந்தபின் அதைப் படிக்கத் தெரிந்தவரின் தேவை கூடத்தான் செய்கிறது. செலவு பற்றிய மறுப்புக்கு நீண்ட விடை தேவையில்லை: ஒரு நீரேற்று நிலையத்தின் மின்கட்டணத்தோடு ஒப்பிட்டால் ஒரு உயிரியலாளரின் சம்பளம் பொருட்டே இல்லை.

வாக்கர்டனில் தகவல் இல்லாமல் போகவில்லை. மே 17 அன்றே ஆய்வகம் நீரில் ஈ.கோலை இருப்பதைக் கண்டு நிர்வாகத்துக்குத் தெரிவித்துவிட்டது. நிர்வாகம் அதைச் சுகாதாரத் துறையிடமிருந்து மறைத்தது. கொதிக்க வைத்துக் குடிக்கச் சொன்ன அறிவிப்பு மே 21 அன்றுதான் வந்தது. 1996-இல் அரசு ஆய்வகங்கள் நகராட்சிகளுக்கான சோதனையை நிறுத்தியிருந்தன. வேலை தனியார் ஆய்வகங்களுக்குப் போயிருந்தது. கெட்ட முடிவைச் சுகாதார அதிகாரிக்குச் சொல்ல வேண்டும் என்று அவற்றைச் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. காசு கொடுத்தவருக்குச் சொன்னதோடு கடமை முடிந்தது. உயிரியலாளரின் அதிகாரம் என்று நான் சொல்வது இந்த இடத்தைத்தான். தலைமைப் பொறியாளரின் மேசையில் போய்த் தங்கிவிடும் குறிப்பாக அவர் சொல் இருக்கக் கூடாது; அதே மணியில் மாநகர நல அலுவலருக்கும் அது போய்ச் சேர வேண்டும். வாக்கர்டன் இருக்கும் ஆண்டாரியோ மாகாணம் 2002-இல் குடிநீர்ப் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்து இதைக் கட்டாயமாக்கியது. சந்தேகம் எழும்போதெல்லாம் அறிவித்தால் மக்கள் பீதியடைவார்கள், அப்புறம் எச்சரிக்கைக்கே மதிப்பிருக்காது என்று நிர்வாகிகள் சொல்வதில் கொஞ்சம் உண்மை உண்டு. டொலேடோவில் கடைகளில் தண்ணீர் பாட்டில்கள் சில மணி நேரத்தில் தீர்ந்தன. மக்கள் பயந்தார்கள், கோபப்பட்டார்கள். ஆனால் மூன்றாம் நாள் தடையை நீக்கியபோது முடிவுகளைச் சொல்லி நீக்கினார்கள். பயந்த நகரம் பிழைத்தது. நான்கு நாள் பயமில்லாமல் இருந்த ஊர் வாக்கர்டன்.

இன்னொரு மறுப்பை யாரும் வாயால் சொல்வதில்லை, வீடுகளில் செய்துகாட்டுகிறார்கள். குடிப்பதற்குக் கேன் தண்ணீர், சமையலறையில் ஆர்.ஓ. இயந்திரம், குழாய்த் தண்ணீர் எப்படி இருந்தால் என்ன என்று வசதியுள்ள குடும்பங்கள் ஒதுங்கிக்கொண்டன. தனித்தனியாகப் பார்த்தால் அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஊர் முழுவதற்குமாகப் பார்த்தால் இது உயிரியலாளரின் ஒரு கண்ணைக் கட்டிவிடுகிறது. புகார் என்பது ஆய்வகத்துக்கு வெளியே உள்ள முதல் கருவி. மில்வாக்கியில் மருந்துக்கடை சொன்னதை, நம் ஊரில் ‘தண்ணி கலங்கலா வருது’, ‘சாக்கடை நாத்தம் அடிக்குது’, ‘புழு வருது’ என்று பகுதி அலுவலகத்துக்கு வரும் தொலைபேசி சொல்ல வேண்டும். எழுதப் படிக்கத் தெரிந்த, அதிகாரியின் எண் தெரிந்த, விடாமல் கேட்கத் தெரிந்த வீடுகள் குழாயைக் குடிப்பதற்குப் பயன்படுத்துவதை நிறுத்திவிட்டால் அந்தத் தொலைபேசி வராது. குழாய் கெட்டிருக்கும், பதிவேடு சுத்தமாக இருக்கும். நோய் மட்டும் ஆர்.ஓ. வாங்க முடியாத தெருக்களில் போய்ச் சேரும். அங்கே குழந்தைக்கு வயிற்றுப்போக்கு என்றால் தண்ணீர் வாரியத்துக்குச் சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றுவதில்லை; பக்கத்து மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிக் கொடுத்துவிட்டு வேலைக்குப் போய்விடுகிறார்கள்.

ஆகவே எங்கே மாதிரி எடுப்பது என்ற முடிவு உயிரியலாளர் கையில் இருக்க வேண்டும், அதை அவர் வரைபடத்தில் சம தூரத்தில் புள்ளி வைத்து முடிவு செய்யக் கூடாது. நரம்புச்சிலந்தி நோயை இந்தியா ஒழித்த விதம் இதற்கு நல்ல முன்மாதிரி. அந்நோயைத் தரும் புழுவுக்கு மருந்தும் இல்லை, தடுப்பூசியும் இல்லை. படிக்கிணற்று நீரிலுள்ள சைக்ளாப்ஸ் என்ற சின்னஞ்சிறு நீருயிரியின் உடலில் அதன் இளம்புழு தங்கி, குடிப்பவர் உடலுக்குள் போகிறது என்ற உயிரியல் அறிவு ஒன்றுதான் கையில் இருந்தது. அதை வைத்துக்கொண்டு கிராமம் கிராமமாகப் போய், நோயாளி இருந்த வீட்டிலிருந்து தொடங்கி அவர் இறங்கிய கிணற்றைத் தேடினார்கள். நீரைத் துணியில் வடிகட்டச் சொன்னார்கள். படிக்கிணறுகளை மூடி அடிபம்பு போட்டார்கள். கடைசி நோயாளி 1996-இல் ராஜஸ்தானில். 2000-இல் உலக சுகாதார நிறுவனம் இந்தியாவை அந்நோயற்ற நாடு என்று அறிவித்தது. தேடல் அங்கே நோயிலிருந்து நீரை நோக்கிப் போனது. குடிநீர் வாரியத்தின் ஆய்வகமும் ஒவ்வொரு வாரமும் ஆரம்பச் சுகாதார நிலையத்தின் வயிற்றுப்போக்குப் பதிவேட்டை வாங்கிப் பார்க்கலாம். எந்தத் தெருவிலிருந்து குழந்தைகள் வந்தார்கள் என்று குறித்துக்கொண்டு, தண்ணீர் திறந்துவிடும் விடிகாலையில் ஆளை அந்தத் தெருவுக்கு அனுப்பி, முதல் குடத்திலிருந்தே பாட்டிலைப் பிடிக்கச் சொல்லலாம்.